நடுவில் ஒரு புரொக்சி

பழைய தள நகல் மென்பொருள் ஒன்றுக்கு இன்றைய இணையத்தள முகவரி ஒன்றைக் கொடுத்து ஓடவிட்டால், அது பிழை என்று கத்தாது. இரண்டு நொடியில் 'முடிந்தது' என்று அறிவித்துவிட்டுப் பேசாமல் இருக்கும். கோப்புறையைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரேயொரு கோப்பு. அதற்குள் நாலைந்து வரி: 301, இந்தப் பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது, புதிய முகவரி இது. அந்தப் புதிய முகவரியும் பழைய முகவரிதான். எச்டிடிபிக்குப் பின்னால் ஒரு எஸ் கூடியிருக்கிறது, அவ்வளவே. அந்த எஸ்ஸுக்குப் பின்னால் இருக்கிற டிஎல்எஸ் என்ற பூட்டு அந்த மென்பொருள் எழுதப்பட்ட காலத்தில் பெரும்பாலும் வங்கிகளுக்கும் கடைகளுக்கும் உரியது. இப்போது கோயில் திருவிழா அறிவித்தல்கூட அதற்குள்ளேதான் வருகிறது.

நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டது ஹோம்புஷில், யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர் சங்கத்துக்காக. சிட்னியில் இப்படியான சங்கங்கள் நிறைய. ஒவ்வொன்றுக்கும் ஒரு இணையத்தளம், அதை உற்சாகமாகத் தொடங்கிய ஒருவர், பிறகு நேரமில்லாமல் போன ஒருவர். தளத்தில் இருப்பவை பெரிய இலக்கியம் ஒன்றுமில்லை: ஒன்றுகூடல் படங்கள், மலர்களின் பக்கங்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கான பாராட்டுரைகள், மரண அறிவித்தல்கள். ஆனால் 1995 இடப்பெயர்வில் வீட்டோடு அல்பத்தையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு, 1970களின் கிரிக்கெட் அணிப் படம் வேறெங்கும் இல்லை. டொமைனுக்குக் காசு கட்ட யாராவது மறந்தால் அதுவும் இல்லை.

தளத்தை நகல் எடுக்கிற பொறுப்பு தெ கிரெசென்ட் தெருப் பக்கம் ஒரு யுனிட்டில் இருக்கிற அங்கிளுடையது. தொலைபேசிக் கம்பனி ஒன்றில் வலையமைப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருடத்துக்கு ஒருமுறை முழுத் தளத்தையும் இறக்கி, இணைய இணைப்பு இல்லாமலே திறக்கக்கூடிய வட்டாகச் செய்து சங்கத்துக்குக் கொடுப்பார். கண் சரியில்லை, ஆரும் பழகினால் நல்லது என்று சங்கத்தில் சொல்லியிருக்கிறார். எனக்குக் கணக்கு வேலை. கணினி வேலை அல்ல. அவருக்கு அதுதான் பிடித்தது. "தெரியும் எண்டு வாற ஆக்களுக்குப் படிப்பிக்கேலாது பிள்ளை" என்றார்.

அவருடைய பழைய லப்டொப்பில் விண்டோஸ் எக்ஸ்பி. அதில்தான் அந்த நகல் மென்பொருள். ஏன் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்டேன். நியாயமான கேள்வி, புதிதாகத் தொடங்குகிற எவரும் இந்தப் பாதையில் வரத் தேவையில்லை. சேவியர் ரோஷ் தொடங்கிய எச்டிடிராக் 1998 முதல் இருக்கிறது, இலவசம், எச்டிடிபிஎஸ் தெரியும். 1996இலிருந்து இருக்கிற டபிள்யூகெட் இன்னும் நம்பகமானது. ஆனால் அங்கிளின் மென்பொருளில் வருடக்கணக்கில் சேர்த்த விதிகள் இருக்கின்றன: எந்தக் கோப்புறையைத் தொடக்கூடாது, எந்த நாட்காட்டிப் பக்கம் முடிவில்லாமல் அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று இழுத்துக்கொண்டு போகும், எந்தப் படத்துக்கு எந்தப் பெயர். சென்ற வருட நகலின் மேல் மாறியதை மட்டும் இறக்கவும் அதற்குத் தெரியும். அதை வேறு மென்பொருளுக்கு மாற்ற ஒரு வருடம் வேண்டும். பழைய மென்பொருளுக்கும் தளத்துக்கும் நடுவில் ஒரு புரொக்சி வைக்க ஒரு பின்னேரம் போதும்.

போதும் என்று அவர் சொன்னார். எனக்கு அதைவிடக் கூட எடுத்தது.

முதலில் விளங்க வேண்டியிருந்தது, எல்லாப் புரொக்சியும் இதற்கு உதவாது என்பது. அலுவலகங்களில் இருக்கிற சாதாரணப் புரொக்சியிடம் எச்டிடிபிஎஸ் தளம் வேண்டும் என்று கேட்டால், 'கனெக்ட்' என்ற ஒரு கட்டளையை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கத்துச் சேர்வருக்கு ஒரு குழாயைத் திறந்து கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். உள்ளே போவது என்ன, வருவது என்ன என்று அதற்குத் தெரியாது. பூட்டைப் பூட்டுவதும் திறப்பதும் கேட்டவர் பொறுப்பு. எங்கள் மென்பொருளுக்கு அதுதானே தெரியாது? ஆகவே எங்களுக்குத் தேவை வேறு வகை: இந்தப் பக்கம் வெறும் எச்டிடிபியில் பேசி, அந்தப் பக்கம் தானே டிஎல்எஸ் பேசுகிற ஒன்று.

அதன் மிக எளிய வடிவம் எஸ்டனல். போலந்துக்காரரான மிஹாவ் டிரொய்னாரா 1998இல் எழுதியது. அமைப்புக் கோப்பில் சில வரிதான்: நான் கேட்பவன், இந்தக் கதவில் (போர்ட்டில்) காத்திரு, அந்தத் தளத்தின் 443ஆம் கதவுக்குக் கொண்டு போ. அங்கிள் இதை ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்றில் போட்டார். லப்டொப்பிலேயே போட்டால் என்ன என்றதற்கு ஒரு தாளில் வரைந்து காட்டினார். பழைய மென்பொருள் தளத்தின் பெயரைக் கூப்பிடும்போது அது எங்கள் எஸ்டனலிடம் வர வேண்டும். அதற்காக லப்டொப்பின் ஹோஸ்ட்ஸ் கோப்பில், அந்தப் பெயருக்கு எஸ்டனல் இருக்கிற முகவரியை எழுதிவிடுகிறோம். எஸ்டனலும் அதே லப்டொப்பில் இருந்தால் அதுவும் அதே ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்கும். வெளியே போவதாக நினைத்துத் தன் கதவையே தட்டும். ஆகவே இரண்டு பெட்டி. நடுவில் ஒரு ஈதர்நெட் கேபிள். வைஃபை வேண்டாம் என்பதில் அவர் கண்டிப்பு; லப்டொப்புக்கும் பைக்கும் இடையில் போவது திறந்த கடிதம், அது கேபிளுக்குள் இருக்கட்டும் என்பார்.

ஹோஸ்ட்ஸ் கோப்பு எதற்கு, நேரே பையின் ஐபி முகவரியைக் கொடுத்தால் என்ன என்றும் கேட்டேன். கொடுத்துப் பாரும் என்றார். தளத்துக்குப் பதிலாக ஏதோ ஹோஸ்டிங் கம்பனியின் வரவேற்புப் பக்கம் வந்தது. ஒரே ஐபியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கின்றன. கேட்கிறவர் தளத்தின் பெயரைச் சொன்னால்தான் சேர்வர் சரியான வீட்டைத் திறக்கும். அந்தப் பெயர் இரண்டு இடத்தில் போகிறது: எச்டிடிபித் தலைப்பில் ஒருமுறை, அதற்கு முன்னால் டிஎல்எஸ் கைகுலுக்கலின்போது எஸ்என்ஐ என்ற பகுதியில் ஒருமுறை. முதலாவதைப் பழைய மென்பொருள் அனுப்பும். இரண்டாவதைப் பற்றி அதற்குத் தெரியாது. எக்ஸ்பியில் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கே தெரியாது. அதை எஸ்டனல் பார்த்துக்கொள்கிறது.

முதற்பக்கம் வந்தது. எனக்கு வேலை முடிந்த மாதிரி இருந்தது. அங்கிள் நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பூட்டுப் போட்டாச்சு. சரி. ஆரோட கதைக்கிறம் எண்டு பாத்தனீரோ?"

டிஎல்எஸ்ஸுக்கு இரண்டு வேலை. ஒன்று, வழியில் யாரும் வாசிக்காமல் மறைப்பது. மற்றது, அந்தப் பக்கம் இருப்பது உண்மையில் அந்தத் தளம்தான் என்று சான்றிதழ் பார்த்து உறுதி செய்வது. பிரௌசரில் இரண்டும் ஒன்றாக நடப்பதால் எங்களுக்கு ஒன்றாகவே தெரிகிறது. எஸ்டனலோ, நாங்கள் கேட்காவிட்டால், முதல் வேலையை மட்டும் செய்யும். யார் எந்தச் சான்றிதழைக் காட்டினாலும் தலையாட்டிவிட்டு மறைத்துப் பேசத் தொடங்கும். சான்றிதழ்ச் சங்கிலியைப் பார், அதிலுள்ள பெயர் இந்தத் தளத்தின் பெயர்தானா என்று பார், நம்புவதற்கு இந்தப் பட்டியலை வைத்துக்கொள் என்று மூன்று வரி நாங்கள்தான் எழுத வேண்டும். இந்த மூன்று வரி இல்லாமலும் எல்லாம் வேலை செய்யும் என்பதுதான் சிக்கல். இணையத்தில் இந்தத் தந்திரத்துக்குத் தேடினால் கிடைக்கிற குறிப்புகள் பலவும் அந்த மூன்று வரி இல்லாமலே முடிந்துவிடுகின்றன.

எழுதியபிறகு சோதனை. தளம் வருகிறதா என்று பார்ப்பது சோதனை இல்லை என்றார். பேட்எஸ்எஸ்எல் என்று ஒரு தளம் இருக்கிறது. வேண்டுமென்றே பழுதாக்கிய சான்றிதழ்களை வைத்திருக்கும். காலாவதியானது, பெயர் பொருந்தாதது, தானே தனக்குக் கையெழுத்துப் போட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி. ஒவ்வொன்றையும் எஸ்டனலுக்குக் கொடுத்து, அது மறுக்கிறது என்று பதிவேட்டில் வரி விழும்வரை அங்கிள் எழும்பவில்லை. எனக்கு இது பழக்கமான வேலைதான் என்று அப்போது தோன்றியது. கணக்காய்வில் சரியான ரசீதை ஏற்றுக்கொள்கிற முறைக்கு மதிப்பில்லை, பிழையான ரசீதைத் திருப்பி அனுப்புகிற முறைக்குத்தான் மதிப்பு.

நம்பிக்கைப் பட்டியலும் ஒருமுறை வைத்தால் போதும் என்றில்லை. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் எல்லாருக்கும் இலவசச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது. 2018 ஜூலையில் வந்த குரோம் 68 வெறும் எச்டிடிபித் தளங்களுக்கெல்லாம் 'பாதுகாப்பற்றது' என்று பட்டம் கட்டியது. இந்த இரண்டுக்கும் இடையில்தான் எங்கள் சங்கத் தளம் போன்றவை எஸ்ஸுக்கு மாறின. லெட்ஸ் என்கிரிப்ட் தொடக்கத்தில் சாய்ந்து நின்ற ஒரு பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டெம்பர் 30இல் காலாவதியானது. அன்று ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2இலும் அதற்கு முந்தியவற்றிலும் ஓடிய கருவிகள் பல, புதிய மூலச் சான்றிதழ் கையில் இருந்தும், காலாவதியான பழைய வழியிலேயே போய் நின்று மறுத்தன. அங்கிளின் பழைய பையும் அதில் ஒன்று. வேறு சிலர் அன்று செய்த திருத்தம், சரிபார்க்கிற வரிகளையே அழித்துவிடுவது. அவர் பையைப் புதுப்பித்தார்.

பைக்கு இன்னொரு குணம் உண்டு. பழைய மாதிரிகளில் நேரத்தை வைத்திருக்கிற மின்கலம் இல்லை. கரண்ட் போய் வந்தால், இணையத்திலிருந்து நேரத்தை வாங்கும்வரை அதற்குப் பழைய தேதிதான். அந்த இடைவெளியில் தளத்தின் சான்றிதழைப் பார்த்தால் 'இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை' என்று மறுக்கும். முதல்தடவை இந்த வரியைப் பதிவேட்டில் பார்த்தபோது தளத்தை யாரோ கைப்பற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். இப்போது சந்தேகம் வந்தால் முதலில் தேதியைப் பார்க்கிறேன்.

எஸ்டனலோடு வேலை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதற்பக்கம் வந்தது, இரண்டாவது பக்கம் வரவில்லை. காரணம் முதற்பக்கத்துக்குள்ளேயே இருந்தது: அதிலுள்ள இணைப்புகள் எல்லாம் எஸ்ஸோடு முழு முகவரியாக எழுதப்பட்டிருந்தன. குழாய் உள்ளே போகிறதை வாசிக்காது, மாற்றாது. மென்பொருள் அந்த இணைப்புகளைப் பார்த்து, இது என் வேலை இல்லை என்று தாண்டிப் போனது. ஆகவே வருகிற பக்கத்தைத் திறந்து, எஸ்ஸை எடுத்துவிட்டு, பிறகு கொடுக்கிற ஒருவர் நடுவில் வேண்டும்.

அந்த இடத்துக்கு மிட்ம்புரொக்சி. பைதான் மொழியில் நாலு வரி எழுதினால் நடுவில் போகிற வருகிற எதையும் தொடலாம். லப்டொப் மென்பொருளின் புரொக்சி அமைப்பில் பையின் முகவரியைப் போட்டோம். ஹோஸ்ட்ஸ் கோப்புத் தந்திரம் தேவையில்லாமல் போயிற்று. கேள்வி வரும்போது எச்டிடிபியை எச்டிடிபிஎஸ் ஆக்கு, கதவை 443 ஆக்கு. பதில் வரும்போது எங்கள் தளத்தின் பெயருக்கு முன்னால் இருக்கிற எஸ்ஸை எடு. இடம் மாறியது என்று சொல்கிற தலைப்பிலும் எடு. இல்லாவிட்டால் 301 என்று மென்பொருள் பழைய இடத்துக்கே திரும்பும். அந்தப் பக்கத்துச் சான்றிதழை இது சொல்லாமலே சரிபார்க்கிறது. சரிபார்க்காமல் விடுவதற்குத்தான் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது.

எல்லாத் தளத்துக்கும் எஸ் போடக்கூடாது என்பது அடுத்த பாடம். சங்கத் தளத்திலிருந்து இணைப்புப் போகிற சில பழைய தளங்கள் இன்னும் வெறும் எச்டிடிபிதான். அவற்றின் கதவை 443இல் தட்டினால் யாரும் திறக்கமாட்டார்கள். ஆகவே பெயர்ப்பட்டியல் ஒன்று, அதிலுள்ள பெயர்களுக்கு மட்டும் மாற்றம். படங்கள் வேறொரு பெயரில் இருக்கின்றன என்று பிறகு தெரிந்தது, அதையும் சேர்த்தோம். வேர்ட்பிரஸ் பக்கங்களின் உள்ளே எழுதப்பட்ட நிரல் துண்டுகளில் முகவரி வேறு வேஷத்தில் இருக்கும்: ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு. எங்கள் தேடல் அதைக் காணாது. அதற்குத் தனியாக ஒரு வரி.

இனி நான் அதிகம் கற்றுக்கொண்ட இடம். தளத்தின் பழைய பக்கங்கள் யுனிகோடுக்கு முந்தியவை. சில பாமினி எழுத்துருவில், சில திஸ்கியில். பாமினிப் பக்கம் ஒன்றின் மூலத்தைத் திறந்தால் தமிழே இருக்காது. ஆங்கில எழுத்துகள்தான்: ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாக இருந்தால் அது 'தமிழ்'. அந்த அரைப்புள்ளிதான் ழவின் மேல் வைக்கிற குற்று. பாமினி எழுத்துரு கணினியில் இருந்தால் திரையில் தமிழ் தெரியும், இல்லாவிட்டால் குப்பை. திஸ்கியிலோ தமிழ் எழுத்துகள் 128க்கு மேற்பட்ட பைட்டுகளில் குடியிருக்கின்றன. இந்தப் பக்கங்கள் பலவற்றில் எந்தக் குறியேற்றம் என்ற குறிப்பே இல்லை. இருந்தாலும் அது மேற்கு ஐரோப்பிய மொழி என்று பொய் சொல்லும். அந்தக் காலத்தில் அந்தப் பொய்யோடுதான் எல்லாரும் வாழ்ந்தார்கள்.

மிட்ம்புரொக்சியில் வந்த பதிலை இரண்டு விதமாக எடுக்கலாம்: எழுத்தாக, அல்லது பைட்டாக. எழுத்தாக எடுப்பது சுலபம், எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் எழுத்தாக எடுக்க, அது இன்ன குறியேற்றம் என்று மென்பொருள் ஊகிக்க வேண்டும். திஸ்கியைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? ஊகம் பிழைத்துத் திரும்ப எழுதும்போது சில பைட்டுகள் மாறிவிட்டால், ஒரு மரண அறிவித்தலில் இறந்தவரின் பெயர் மாறும். ஆரும் கண்டுபிடிக்கமாட்டார்கள், பழைய எழுத்துரு சரியாக ஏறவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். அங்கிள் எழுத்து வழியைத் தொடவே விடவில்லை. பைட்டில் தேடு, பைட்டில் மாற்று, ஒரு எஸ்ஸை எடுப்பதற்கு மேல் எதையும் தொடாதே. பக்கத்தைப் பிரித்து ஒழுங்குபடுத்தித் திரும்பக் கட்டுகிற அழகான கருவிகள் இருக்கின்றன. பாமினியின் அரைப்புள்ளியைக் கண்டு அவை என்ன செய்யும் என்று எனக்குச் செய்து காட்டினார். அதை எழுதினால் இந்தக் கட்டுரை நீளும்.

"நாங்கள் நடுவில நிக்கிற ஆக்கள் பிள்ளை. நடுவில நிக்கிறவன் கையைக் கட்டிக்கொண்டு நிக்கோணும்" என்றார். சொன்னபடியே நடக்கிறவரும் இல்லை. எழுத்துப்பிழை கண்டால் அவருக்குக் கை துறுதுறுக்கும்.

ஆனால் எஸ்ஸை எடுத்ததும் ஒரு மாற்றம்தானே? நகலில் இருக்கிற பக்கம் சேர்வர் அனுப்பிய பக்கம் இல்லை. இதை நான் கேட்டபோது அவருக்கு முகம் மலர்ந்தது, அதற்கு ஒரு பதிலும் வைத்திருந்தார். நிரல் மாற்றம் செய்யுமுன், வந்த வடிவத்தை அப்படியே வேறு கோப்புறையில் எழுதிவிடும். அதோடு டபிள்யூகெட்டைக் கொண்டு வார்க் வடிவில் தனியாக ஒரு பிரதி. 2012இல் வந்த 1.14ஆம் பதிப்பிலிருந்து டபிள்யூகெட்டுக்கு அது முடியும். கேள்வி, பதில், தலைப்புகள், நேரம் எல்லாம் ஒரே கோப்பில் மாறாமல் இருக்கும். உலகத்து நூலகங்கள் பலவும் அந்த வடிவத்தில்தான் சேமிக்கின்றன. சங்கத்துக்குக் கொடுக்கிற வட்டு பார்ப்பதற்கு, வார்க் வைத்திருப்பதற்கு. அப்படியென்றால் டபிள்யூகெட் மட்டும் போதாதா என்று ஒரு வாசகர் கேட்கலாம். நானும் கேட்டேன். எண்பது வயதுக்காரர் வட்டைப் போட்டதும் படம் வர வேண்டும் என்றார்.

இந்த வேலையில் அங்கிள் தன்னைத் தனியாளாக நினைப்பதில்லை. ஆஸ்திரேலிய தேசிய நூலகம் பண்டோரா என்ற இணைய ஆவணக் காப்பகத்தை 1996இலேயே தொடங்கிவிட்டது. அதன் வேலைக்காகப் பிறகு கட்டிய அமைப்புக்குள் தளங்களை இறக்கியது பல வருடம் எச்டிடிராக்தான். எவரும் வீட்டு மேசையில் வைத்திருக்கக்கூடிய அதே கருவி கான்பராவிலும். 2000இல் இந்த ஹோம்புஷ் விரிகுடாவில் ஒலிம்பிக் நடந்தபோது அதைச் சுற்றி முளைத்த தளங்களையும் பண்டோரா சேர்த்து வைத்தது. 2016 பெப்ரவரியிலிருந்து இணைய வெளியீடுகளும் தேசிய நூலகத்துக்கான சட்டபூர்வ வைப்பில் அடங்கும்; 2019இல் எல்லாம் ஒன்றாக ஆஸ்திரேலிய இணையக் காப்பகம் என்று நூலகத்தின் தேடல் தளமான ட்ரோவில் திறந்தது. அந்தச் சட்டம் நூலகத்துக்குத்தான், எங்களுக்கு இல்லை. நாங்கள் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கித்தான் இறக்குகிறோம், ஒரு நேரத்தில் ஒரு இணைப்பு, ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் சில நொடி இடைவெளி. மலிவான ஹோஸ்டிங்கை நாங்களே படுக்க வைத்துவிடக்கூடாது.

சென்ற முறை முழு ஓட்டத்தையும் நான்தான் செய்தேன். அங்கிள் பக்கத்தில் இருந்து பதிவேட்டை மட்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். பழைய மலர் ஒன்றின் பக்கங்கள் எழுத்துரு இல்லாமல் வந்தன. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்காகத் தளத்தோடு சேர்த்து வைத்த இயங்கு எழுத்துருக் கோப்பை மென்பொருளின் விதி ஒன்று தடுத்திருந்தது. விதியைத் தளர்த்தி அதை மட்டும் திரும்ப இறக்கினேன். படம் வந்தது, பெயர் வந்தது, கிரிக்கெட் அணியில் இரண்டாவது வரிசையில் நிற்பவர் என் பெரியப்பா என்று அப்போதுதான் தெரிந்தது. அங்கிளுக்கு அது முன்னமே தெரியுமாம்.

வட்டுக்குப் பதிலாக இந்த முறை பென் டிரைவில் கொடுத்தோம். தேசிய நூலகத்துக்கும் இந்தத் தளத்தைப் பரிந்துரைக்கலாம் என்று அங்கிள் சொன்னதில் செயலாளருக்கும் விருப்பம். அதற்கான படிவத்தை நிரப்பும்போது, தளத்துக்குப் பொறுப்பானவரின் பெயர் என்ன என்ற இடத்தில் நின்றோம். டொமைன் சங்கத்தின் பெயரில் இல்லை. முதன்முதலில் தளத்தைத் தொடங்கியவரின் சொந்தப் பெயரில் இருக்கிறது. அவர் மெல்பேர்னுக்குப் போய்ப் பல வருடமாகிறது. டன்டினோங் பக்கம் என்று ஒருவர் சொல்கிறார், இல்லை கிளென் வேவர்லி என்று இன்னொருவர். அவருடைய நம்பரைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.